தேதி தாண்டிய சிலிண்டர்

பக்கீரப்பா தளவாருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. யாரோடு பேசினாலும் தலையைத் திருப்பி வலது காதை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். தாரிஹாள் தொழிற்பேட்டைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இந்த மனுஷர் யார் சொல்வதையும் நம்ப மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது முழுக்கத் தப்பான நினைப்பும் இல்லை.

நவல்குந்து பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம் வயிற்றுப்பாட்டுக்காக ஹுப்பள்ளி வந்து, கேஸ் நிரப்பும் ஆலை ஒன்றில் சுமைகூலியாகச் சேர்ந்தார். அதே வாரத்தில் அங்கே சேர்ந்த இன்னொருவர் பழைய ஹுப்பள்ளி மௌலாசாப் நதாப். சிலிண்டரைத் தோளில் தூக்கக் கூடாது, சாய்த்துப் பிடித்து அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். கால்விரல் நசுங்கியதும் சேர்ந்துதான். மௌலாசாபுக்குக் கல்யாணமாகி பீபிஜான் வந்த பிறகு, அவள் பக்கீரப்பாவுக்கும் சேர்த்தே சோள மாவில் தட்டிய ஜோள ரொட்டி கட்டிக் கொடுத்தனுப்புவாள். கூடவே கத்தரிக்காய் எண்ணெய்க்கறி. “என் பொண்டாட்டி ரொட்டியில வளந்த ஒடம்புடா இது” என்று மௌலாசாப் அவர் முதுகில் தட்டிச் சிரிப்பார்.

அந்த ஆலையில்தான் அது நடந்தது. நிரப்புகிற கொட்டகையில் வரிசையாக நின்ற ஆக்சிஜன் சிலிண்டர்களில் ஒன்று வெடித்தது. அதன் தோள்பட்டையில் சோதனை முத்திரை இருந்தது, தேதியும் சரியாகவே இருந்தது. சோதனைதான் நடக்கவில்லை. எங்கேயோ யாரோ சுத்தியலால் தேதியை மட்டும் குத்தி அனுப்பிவிட்டார்கள். உள்ளே தண்ணீர் தங்கி, துரு தின்று, அடிப்பக்கம் தகரம் போல ஆகியிருந்ததாகத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். நிரப்பிக்கொண்டிருந்த துர்கப்பா அந்த இடத்திலேயே போய்விட்டான். அந்தச் சிலிண்டரை லாரியிலிருந்து இறக்கி, உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தியவர் பக்கீரப்பா. சுவருக்கு மறுபக்கம் வந்துவிட்டிருந்ததால் அவருக்கு ஒரு காதோடு போயிற்று.

அதற்குப் பிறகு மௌலாசாப், இனி இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று ஒரு வெல்டிங் கடை போட்டார். வெல்டிங்குக்கும் சிலிண்டர் வேண்டும் என்பது வேறு கதை. பக்கீரப்பா நேர் எதிர்த்திசையில் போனார். வாதிராஜ குல்கர்ணி என்பவர் தாரிஹாளில் நடத்திய சிலிண்டர் சோதனைக் கூடத்தில் சேர்ந்து, தொழிலை அடியிலிருந்து கற்று, சில வருஷங்களில் முத்திரை குத்தும் பொறுப்பே அவர் கைக்கு வந்தது.

ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை. குடிதண்ணீரில் கலக்கிற குளோரினுக்கு இரண்டே வருஷம்; அது தன்னை அடைத்துவைத்த இரும்பையே தின்கிற ஜாதி. வந்த சிலிண்டரைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கை விட்டுப் பார்ப்பார். எடை போடுவார், எடை குறைந்திருந்தால் துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம். பிறகு தண்ணீர் நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, வழக்கமாக அது தாங்குகிற அழுத்தத்தை விட அதிகமாகப் பம்பு அடிப்பார். நல்ல இரும்பு கொஞ்சம் விம்மும்; அழுத்தத்தை விட்டதும் பழையபடி சுருங்கிவிடும். சுருங்காமல் விம்மினது விம்மினபடி நின்றால் அதன் காலம் முடிந்தது. அதை வெட்டிப் போடுவார்கள், மறுபடி யாரும் எடுத்து உபயோகிக்க முடியாதபடி. தேறியதைக் காயவைத்து, வால்வு பூட்டி, தோளில் தேதி குத்துவார்கள். அச்சு உளியை வைத்துச் சுத்தியலால் நாலு அடி. அந்த நாலு அடிக்கு முன்னால் இத்தனை வேலை.

தேதி மட்டும் குத்திக் கொடு என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. சிரித்துப் பேசியே அனுப்பிவிடுவார். அவர் சிரிக்க முடியாமல் போனது பெருந்தொற்றின் இரண்டாவது அலையில்.

அந்தச் சித்திரை வெயிலில் கூடத்தின் வாசலில் சிலிண்டர்கள் திருவிழாக் கூட்டம் போல நின்றன. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. வீட்டிலேயே காற்று கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள். வெல்டிங் கடையிலும் கராஜிலும் மூலையில் கிடந்த சிலிண்டர்களையெல்லாம் ஜனங்கள் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். நிரப்புகிற ஆலையில் தேதி தாண்டியதைத் தொட மாட்டேன் என்று திருப்பி அனுப்ப, எல்லாம் பக்கீரப்பாவின் தலையில் வந்து விடிந்தது. குல்கர்ணிக்குப் போன் மேல் போன். அவர் பக்கீரப்பாவைக் கூப்பிட்டு, குத்து என்றும் சொல்ல மாட்டேன், குத்தாதே என்றும் சொல்ல மாட்டேன், கை உன்னுடையது என்றார். பக்கீரப்பா பம்புக்குத் திரும்பினார். ஆட்களை இரண்டு பிரிவாக்கி, கூடத்தை இடைவிடாமல் ஓட்டினார். அவரே வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார்.

அப்படி ஒரு காலையில் டெம்போவில் வந்து இறங்கினார் மௌலாசாப். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்ததுமே பக்கீரப்பாவுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. பீபிஜானுக்கு மூச்சு இறங்கிக்கொண்டே போகிறது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சிலிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் வரை வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கடை சிலிண்டரை நிரப்பலாம் என்று கொண்டுபோனால், தேதி தாண்டிவிட்டது என்று ஆலையில் விரட்டிவிட்டார்கள். ஊரடங்கில் கடை மூடிக் கிடந்த காலத்தில் தேதியை யார் பார்த்தார்கள்?

“பக்யா, ஒரு நாலு அடி. அவ்வளவுதான் கேக்கறேன்” என்றார் மௌலாசாப்.

பக்கீரப்பா சிலிண்டரைத் தடவிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். வெளியே பெயிண்ட் கூட உரியவில்லை. ஆனால் அன்றைக்குத் துர்கப்பா முன்னால் வெடித்த சிலிண்டரும் வெளியே பளபளவென்றுதான் இருந்தது.

“சாயங்காலம் வரைக்கும் வரும்னு சொல்றல்ல? மத்தியானத்துக்குள்ள சோதிச்சுக் கையில குடுத்துடறேன். முன்னாடி எடுத்துக்கறேன், மௌலா. ஆனா பாக்காம குத்த மாட்டேன்.”

“யாருக்குன்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரிஞ்சுதான் பேசறேன். அவ தலைமாட்டுல வெக்கப்போறதுடா இது.”

வரிசையில் நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் என்ன கல்யாணமா நடக்கிறது என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. பக்கீரப்பா அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு போனார். வாழ்நாளில் அவர் வரிசையை உடைத்தது அந்த ஒரு தடவைதான்.

வால்வு இறுகிப் போயிருந்தது. ஆட்கள் மாறி மாறித் தொங்கியும் அசையவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரில் எண்ணெய் விட்டு இளக்கவும் முடியாது. எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நெருப்பு. ஒருவழியாகக் கழன்று, விளக்கு விட்டுப் பார்த்து, எடை பார்த்து, தொட்டியில் இறக்குகிற நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் முந்தின நாளே படுத்துவிட்டிருந்தது. மௌலாசாப் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை எழுந்து வந்து, இப்போதாவது குத்திக் கொடுத்துவிடு என்று கேட்டார். வேறொரு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். தண்ணீர் நிறைந்த சிலிண்டரையும் கழற்றிப் போட்ட வால்வையும் பார்த்துவிட்டு அவரே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கரண்ட் வந்து, பம்பு ஓடி, சிலிண்டர் விம்மிச் சுருங்கியது. சுருங்கியது என்றால் துளி மிச்சமில்லாமல் சுருங்கியது. இத்தனை ஒழுங்கான இரும்பை அந்த வருஷம் அவர் பார்த்ததில்லை. சூடான காற்றடித்துக் காயவைத்து, வால்வு பூட்டி, தேதி குத்தி, டெம்போவில் ஏற்றும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பக்கீரப்பா நிரப்புகிற ஆலைக்குப் போன் செய்து கெஞ்சி, மௌலாசாபை முன்னால் விடச் சொன்னார்.

நிரம்பிய சிலிண்டர் பழைய ஹுப்பள்ளிச் சந்துக்குள் நுழைந்தபோது பீபிஜான் இல்லை. இரவல் சிலிண்டரில் அளவு காட்டுகிற முள் பொய் சொல்லியிருக்கிறது. அவர்கள் போட்ட கணக்குக்கு வெகு முன்னாலேயே அது தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் காற்று வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு பரவ எவ்வளவு நேரமாகும்? கூட்டாளியின் பெண்டாட்டியை முத்திரைக்குப் பலி கொடுத்தவன் என்றார்கள். காய்கறிக் கடையில் அவர் மனைவி கல்லவ்வாவிடமே ஒருத்தி, “உங்க வீட்டுக்காரர் எமனுக்கும் தேதி பாத்துத்தான் விடுவாராம்மா?” என்று கேட்டிருக்கிறாள். கல்லவ்வா பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். பக்கீரப்பா வேலைக்குப் போனார், வந்தார். ஜோள ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருப்பார். அந்த வாரத்திலேயே சோதனையில் தோற்ற சிலிண்டர்கள் உண்டு. உள்ளே பொருக்குப் பொருக்காகத் துரு. அவற்றை வெட்டிப் போட்டார்கள். அவற்றால் எத்தனை வீடு தப்பியது என்று குல்கர்ணி ஆறுதல் சொல்லிப் பார்த்தார். தப்பிய வீட்டுக்காரர்களுக்குத் தாங்கள் தப்பியது தெரியாது. மௌலாசாபுக்கோ, தான் இழந்தது தெரியும்.

பீபிஜானுக்காக ஓதுகிற நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே கிளம்பினார். கல்லவ்வா வாசல்வரை வந்து, அந்த சிலிண்டர் உள்ளே கெட்டுப்போயிருந்தது, நீங்கள் சுத்தம் செய்ததால்தான் தேறியது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். மௌலாசாபுக்கும் மனசு ஆறும், உங்களுக்கும் ஆறும். ஒரு பொய்யால் யாருக்கு என்ன கெடுதல்? வழியெல்லாம் பக்கீரப்பா அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

மௌலாசாப் அவரை உள்ளே வரச் சொன்னார். பாயில் உட்காரவைத்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்:

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பக்யா. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு. அந்த சிலிண்டர்ல கோளாறு ஏதாவது இருந்துச்சா?”

வாய்வரை வந்த வார்த்தையை பக்கீரப்பாவால் வெளியே தள்ள முடியவில்லை.

“இல்ல மௌலா. நல்ல சிலிண்டர். உள்ள துளி துரு இல்ல.”

“நீ காலையிலயே குத்திக் குடுத்திருந்தா?”

“ஒண்ணும் ஆகியிருக்காது. நிரப்பிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்ப.”

“அப்புறம் ஏன்டா?”

“பாக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதே.”

மௌலாசாப் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அவருடைய மருமகள் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து பக்கீரப்பா முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இறந்தவர் பேரில் ஆக்கிய சோறு. தொடாமல் எழுந்தால் பீபிஜானை அவமதித்ததாகும். தனியாக உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு மௌலாசாபின் கடை சிலிண்டர்கள் வேறு ஒரு கூடத்துக்குப் போயின. அங்கே காலையில் போட்டால் டீ குடித்து முடிப்பதற்குள் கிடைத்துவிடுகிறது என்று டெம்போக்காரர் ஒருவர் வந்து சொன்னார். டீ குடிக்கிற நேரத்தில் எந்தச் சிலிண்டரும் காயக்கூட காயாது. பக்கீரப்பா வலிய இரண்டு தடவை ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தார். பதில் வரவில்லை. மூன்றாம் தடவை அனுப்பவில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு புதன்கிழமை, கூடத்து வாசலில் அந்த டெம்போ வந்து நின்றது. மௌலாசாப் முன்சீட்டிலிருந்து இறங்கினார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. பின்னால், அந்த வேறு கூடத்துக்குப் போய்வந்த அவர் கடைச் சிலிண்டர்கள் எல்லாம். பக்கீரப்பா ஒவ்வொன்றின் தோளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் புது முத்திரை. இன்னும் சில வருஷங்களுக்குத் தேதி இருந்தது.

“இதெல்லாம் இன்னும் தேதி தாண்டலையே” என்றார்.

“தேதி இருக்கு. யாராவது உள்ள பாத்தாங்களான்னுதான் எனக்குத் தெரியல. என் புள்ள இப்பக் கடையில நிக்கறான்.” மௌலாசாப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ பாரு.”

அன்றைக்கும் அவர் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். போன் எதுவும் பேசவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, பார்த்து, எடை போட்டு, பம்பு அடித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பக்கீரப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றுகூடக் கெட்டதில்லை என்று சொன்னார். மௌலாசாப் தலையாட்டினார். டெம்போவில் ஏற்ற ஒரு கை பிடித்தார். கிளம்பும்போது, டீ குடிக்கலாமா என்று கேட்டவர் பக்கீரப்பா இல்லை, மௌலாசாப்தான்.

இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு தடவை தாரிஹாள் முக்குக் கடையில் இருவரும் மிர்ச்சி பஜ்ஜியும் டீயுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கால் வலி, மழை, பேரப்பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சு போகும். பீபிஜான் பேர் மட்டும் இருவர் வாயிலும் வராது. முதுகில் தட்டிச் சிரிக்கிற பழைய சிரிப்பும் வருவதில்லை. அவர் மன்னித்துவிட்டாரா என்று கல்லவ்வா ஒரு நாள் கேட்டாள். தெரியவில்லை என்றார் பக்கீரப்பா. கேட்டுப் பார்ப்பதுதானே என்றாள்.

அதை மட்டும் அவர் இன்றுவரை கேட்டதில்லை.