ஒன்பதாவது விமானம் நின்ற இடம்

என் அத்தை போர் ஓவியர். அதாவது, விமானத் தளத்தில் உட்கார்ந்து விமானங்களையும் அவற்றோடு மல்லுக்கட்டும் ஆட்களையும் கரிக்கோலால் வரைய அரசாங்கம் வைத்த ஆள். வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். தூங்கும்போது நான் அவளுக்கு மீசை வரைந்த அன்று மட்டும் கண்ணாடியைப் பார்த்து, "இடது பக்கம் கோணல்டா, கழுதை" என்றாள்.

கண்ணெதிரே இல்லாததை அவள் வரையமாட்டாள். ஒரு விமானம் கிளம்பிவிட்டால், அது திரும்பும்வரை தாளில் அந்த இடம் காலிதான்.

அன்று ஒன்பது போயின, எட்டு வந்தன. ஒன்பதாவதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அது நின்ற எண்ணெய்க் கறைமேலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அத்தை அப்படியே வரைந்தாள்.

படத்தைப் பார்த்த அதிகாரி எகிறினார்.

"எல்லாமே பத்திரமாத் திரும்பிச்சுன்னு பேப்பர்ல சொல்லியாச்சும்மா. இந்த ஆளை அழிச்சுட்டு ஒரு விமானத்தைப் போடுங்க. எட்டு போட்ட கைக்கு இன்னொண்ணு பெரிசா?"

"கொண்டுவந்து நிறுத்துங்க சார், வரையறேன்."

"திமிரா?"

"ஆமா."

இதையெல்லாம் அன்றிரவு வீட்டில் எங்களிடம் சொல்லிவிட்டு அத்தை சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தாள். அப்பா தயங்கித் தயங்கி, "ஏன்க்கா, கண்ணை மூடிட்டுப் போட்டுக் குடுத்துடேன்" என்றார்.

"குடுக்கறேன். அதுல போன பையனோட அம்மா வந்து, விமானம் இங்க நிக்குதே, என் புள்ளை எங்கேன்னு கேட்டா, நீ வந்து பதில் சொல்றியாடா?"

அப்பா தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

அதிகாரி வேறொருவரை வைத்து அத்தையின் படத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டார். தளத்தின் கூடத்தில் படத்தைத் திறந்துவைத்த நாளில் குடும்பங்களையும் உள்ளே விட்டார்கள். நாங்களும் போனோம். படத்தில் ஒன்பது விமானங்கள் பளபளவென்று நின்றன. அந்த மெக்கானிக் முன்னால் நின்று தன்னைத் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னைத் தூக்கிட்டாங்களாக்கா?"

அத்தை படத்துக்குக் கிட்டே போனாள். முந்தானையில் எச்சில் தொட்டு, ஒன்பதாவது விமானத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். இறக்கை போனது, வால் போனது. அடியிலிருந்து அவன் உருவம் மட்டும் வரவில்லை. எரிந்து அடங்கிய இடம்போல் கரி அப்பிக் கிடந்தது.

"நிறுத்துங்க! யாருப்பா அங்க, பிடிங்க அந்தம்மாவை!" என்று அதிகாரி கத்தினார்.

மெக்கானிக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்பச் சரியா இருக்குக்கா" என்றான்.

காவலர்கள் இருவர் அவளை வாசலுக்கு இழுத்தார்கள்.

"கையை விடுங்கடா, இன்னும் சக்கரம் பாக்கி இருக்கு!"

நான் போய்ச் சக்கரத்தைத் தேய்த்தேன்.