காப்புக் கட்டிய வாரத்தில் வந்த கடிதம்

வீரபத்திரனுக்கு உத்தரகோசமங்கைக்குத் தெற்கே ஒரு கிராமம். நெல்லும் மிளகாயுமாக ஒன்பது ஏக்கர். மகள் நாகலெட்சுமியை மதுரைக்கு அனுப்பி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்க வைத்தவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். அதைச் சொல்லிச் சொல்லியே ஊரார் காதைப் புண்ணாக்குவார். அப்படிப்பட்ட மனுசன்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

1985இல், அம்மன் கோயிலில் காப்புக் கட்டிய மறுநாள், மகள் வீட்டில் இல்லாத நேரத்தில், தபால்காரர் பால்சாமி இங்கிலீஷ் கடிதம் ஒன்றை அவருக்குப் படித்துச் சொன்னார்.

"ராக்கெட் செய்யிற எடத்துல நாகலெட்சுமிய இன்டர்வியூக்குக் கூப்புட்டிருக்காக. திருவனந்தபுரத்துல, வர்ற திங்கக்கிழம."

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அந்த வருடம் காப்புக் கட்டிக்கொண்டவரே வீரபத்திரன்தான். மகள் எல்லை தாண்டி, மழையும் பொய்த்துப் போனால் பழி அவர் தலையில் விடியும். செவ்வாய்க்கிழமை முளைப்பாரி கரைத்தால் திருவிழா முடிந்துவிடும். ஒரே ஒரு நாள் வித்தியாசம். கல்யாணத் தேதியைத் தள்ளி வைப்பதுபோல அவர்களும் வேறு தேதி தருவார்கள் என்று நம்பினார். ராக்கெட் விடுகிறவர்களுக்கு நம்மூர்க் காப்பைப் பற்றி என்ன வந்தது? மகளிடம் அவர் மூச்சுவிடவில்லை. செவ்வாயன்று ஊருணியில் பெண்கள் முளைப்பாரியைக் கரைத்தபோது, கடிதத்தையும் தண்ணீரோடு விட்டார்.

வேறு கடிதம் வரவில்லை. மறுவருடம் பரமக்குடியில் கட்டிக் கொடுத்தார். டி.வி. பழுது பார்க்கும் கடை மாப்பிள்ளை பெயரில், வேலையெல்லாம் நாகலெட்சுமி. அவள் குனிந்து ஈயம் பற்றவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பாவி, நான்தானே இவளை இங்கே உட்கார வைத்தேன் என்று தன்னையே நொந்துகொள்வார். சொல்லிவிடுவது என்று பஸ் ஏறுவார். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

2008 ஐப்பசியில், நிலாவுக்கு ராக்கெட் கிளம்பிய காலை, மகள் வீட்டு டி.வி. முன்னால் இருந்தார். கம்ப்யூட்டர் எதிரே சேலை கட்டிய ஒரு பெண்ணைக் காட்டினார்கள். நாகலெட்சுமி வயதுதான் இருக்கும். அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"தெரியும்யா. இன்டர்வியூக்குப் போகலையா ஆத்தான்னு பால்சாமி மாமா திருவிழா முடிஞ்சதுமே கேட்டாரு."

"பெறகு ஏன்த்தா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவள் டி.வி.யிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, காப்புக் கட்டியிருக்கு, போகலய்யான்னு நானே சொல்லியிருப்பேனோ என்னமோ. நீங்க என்னையக் கேக்கவே இல்லையேய்யா."