எங்கிருந்து வந்த பணம்

சீட் உறை தைக்கிற ரெக்ஸின் துணியை வைத்து, அவரை எல்லாரும் ரெக்ஸின் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பாள். பஸ்ஸோ வேனோ காரோ, கிழிந்த சீட்டோடு அவர் கடை வாசலுக்கு வந்தால் புது மாப்பிள்ளை மாதிரி திரும்பிப் போகும்.

கடை சொந்த இடம். ஒற்றை அறை, தடித்த ஊசி போட்ட தையல் மெஷின், சுவரோரம் அடுக்கிய ஃபோம், பழைய பஸ் சீட் ஒன்று. பாங்கில் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு இரண்டு சீட் தைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதனால் மிச்சம் பிடித்த காசையெல்லாம் அந்தப் பஸ் சீட்டுக்குள் வைத்துத் தைத்துவிடுவார். வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அவரிடம் பேரம் பேசினார்கள்.

மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்ததும் சீட்டைப் பிரித்தார். ஒரு வருடக் கட்டணத்துக்கும் தங்கும் செலவுக்கும் போதுமான பணம் இருந்தது.

மனைவி வாயைப் பிளந்தாள். "ஒரு ஃபேன் மாத்தச் சொன்னா கையை விரிப்பீங்களே!"

மகளும் அவரும் விசா ஏஜென்ட்டிடம் போனார்கள். ஏஜென்ட் சின்ன வயதுக்காரன்.

"அண்ணே, இதை அப்படியே பாங்க்ல போட்டா, இது எங்கிருந்து வந்ததுன்னுதான் விசா ஆபீஸ்ல முதல்ல கேப்பாங்க."

"நான் தைச்சு சம்பாதிச்சது."

"அதுக்கு பில்லு?"

ரெக்ஸின் சிரித்தார். பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்து வாங்குவார். அவர் கடையில் கூட்டம் சேர்ந்ததே அதனால்தான்.

"வருமான வரி கட்டின பேப்பராவது இருக்கா?"

இப்போது அவர் சிரிக்கவில்லை.

ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தர் இருக்கார். உங்க கணக்குல பணம் போட்டு வைப்பார். சித்தப்பா குடுத்ததுன்னு லெட்டரும் தருவார். கமிஷன் குடுத்தா போதும்."

"எனக்குச் சித்தப்பாவே கிடையாதே."

"அவருக்கு ஊர் முழுக்க அண்ணன் பசங்கதான்."

மகள் எழுந்துவிட்டாள். "பொய் லெட்டர் வேணாம்பா. மாட்டிக்கிட்டா எந்த நாட்டுலயும் விடமாட்டாங்க."

கடையை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று பாங்குக்குப் போனார். அங்கேயும் வரிப் பேப்பர் கேட்டார்கள். வருடக்கணக்காக அவரிடம் சீட் தைத்த பஸ் முதலாளியிடம் ஓடினார். இவ்வளவு கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினார்.

"நான் எழுதிக் குடுத்தா அப்புறம் என் கணக்கைத் தோண்டுவாங்கய்யா. உன் பொண்ணு நல்லா படிக்கட்டும். என்னை விட்டுரு."

பணம் இல்லாமல் கையைப் பிசைகிறவர்களை ரெக்ஸின் நிறையப் பார்த்திருக்கிறார். பணத்தை வைத்துக்கொண்டு கையைப் பிசைவது அவருக்குப் புதிது. கல்லூரி கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடை பெயிண்டர், வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கிறவர், ரெக்ஸின் கடைமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். ரெக்ஸின் அவருக்கே கடையை எழுதிக் கொடுத்தார். பெயிண்டர் வாங்கிய கடன் பாங்கிலிருந்து நேராக ரெக்ஸின் கணக்குக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இப்போது பத்திரம் இருந்தது.

"காசை வீட்டுல வெச்சுக்கிட்டு கடையை விக்கிற மனுஷனை எங்கயாவது பார்த்திருக்கியாடி?" மனைவி மகளிடம் கேட்டு அழுதாள்.

"நான் போகலப்பா. இங்கயே ஏதாவது படிக்கிறேன்."

"பத்திரம் முடிஞ்சு போச்சும்மா. இனிமே நீ போகலன்னா கடையும் போச்சு, படிப்பும் போச்சு."

ஏஜென்ட் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினான். "இப்போ சரியா இருக்குண்ணே. உங்க தொழில், கடை விலாசம், மாச வருமானம், இதை மட்டும் சொல்லுங்க."

ரெக்ஸின் பத்திரத்தைக் காட்டினார். "கடையைத்தான் வித்துட்டேனே."

"அப்போ அடுத்த வருஷம் யார் கட்டுவாங்கன்னு கேப்பாங்கண்ணே. தொழில் நடக்குதுன்னு காட்டணும். ஒரு வாடகை ஒப்பந்தமாவது இருந்தா..."

அவன் முடிப்பதற்குள் ரெக்ஸின் கிளம்பிவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கடைக்கும் நடுவிலிருந்த சுவரை ஒருவன் இடித்துக்கொண்டிருந்தான். மெஷின்மேல் செங்கல் தூசி படிந்திருந்தது. ரெக்ஸின் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

"இவ்வளவுதானா?" என்றார் பெயிண்டர். "நம்ம பழக்கத்துக்கு வாடகை எதுக்குய்யா? மெஷினை அந்த மூலையில போட்டுக்கோ. பேப்பரெல்லாம் வேணாம்."

"வாடகை வாங்கிக்கோ. எழுதிக் குடு."

"எழுதினா எனக்கு வரி வருமேய்யா."

"அந்த வரியையும் நானே கட்டறேன்."

"நாளைக்கு வா, யோசிச்சு சொல்றேன்."

"நாளைக்கு இல்ல. இப்பவே."

ரெக்ஸின் போய், இடிக்க விடாமல் மீதிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். சுத்தியலை ஓங்கியவன் அதை இறக்காமல் பெயிண்டரின் முகத்தைப் பார்த்தான். பெயிண்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.