உட்கார்ந்த வண்டியும் தையல்காரம்மாவும்

தையல்காரம்மா கார் வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது தெருவில் யாரும் நம்பவில்லை. காரைப் பார்த்த பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் பெரிய முதலாளிகளைச் சுமந்த வண்டி அது. பளபளக்கும் கறுப்பு, தோல் இருக்கை, உள்ளே மர வேலைப்பாடு, ஒன்றுக்கும் குறைவில்லை. பின்பக்கம் மட்டும் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் வண்டி. பைகள் இரண்டும் வெடிப்பு விட்டுக் காற்று இறங்கிப்போனதால்தான் அடிமாட்டு விலைக்கு அவள் கைக்கு வந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தினமும் தன் ஸ்கூட்டரைக் காருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைக்கப் படாத பாடு பட்டார். கடைசியில் பொறுமை போய், பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவருக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லாரி வருது. அதுக்குள்ள இது தன் காலால நடந்து தெருமுனையத் தாண்டிடுச்சுன்னா நான் வாயே திறக்கல. இல்லேன்னா நீ வாயே திறக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வண்டிப் பைத்தியம். ஊரார் அளவுக்கெல்லாம் துணி வெட்டிய கைகள், ஒரு இன்ஜினைப் பிரித்துப் பார்க்கத் துடித்தபடியே இருந்தன. இப்போதுதான் வாய்த்திருக்கிறது, விடுவாளா? கழற்றிய போல்ட்டுகளைக் குட்டிக் குட்டித் துணிப்பைகளில் போட்டு, எந்த இடத்தது என்று தையல் சாக்கட்டியால் எழுதி வைத்தாள். வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அல்லவா? காற்றுக் குழாயின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று கன்னம் தரையில் படப் படுத்துப் பார்த்தாள்.

ஞாயிறு மத்தியானம் புதுப் பைகள் இரண்டும் ஏறிவிட்டன. சக்கரங்கள் மாட்டியாகிவிட்டது, ஜாக்கியும் இறக்கியாகிவிட்டது. இனி வண்டியை ஸ்டார்ட் செய்தால் காற்று ஏறி எழுந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாமான்களை எல்லாம் வாரி ஒதுக்கிவிட்டு, சந்தோஷத்தில் டிக்கியை ஓங்கி அடித்து மூடினாள்.

மூடிய மறு நொடியே செய்த தப்பு உறைத்தது.

இந்த வண்டியில் பாட்டரி இருப்பது டிக்கிக்குள். வேலைக்கு முன்னால் அதன் ஒயரை அவளே கழற்றி வைத்திருந்தாள், திரும்ப மாட்டவில்லை. டிக்கி திறப்பதோ கரண்டில். கரண்டு வேண்டுமானால் டிக்கி திறக்க வேண்டும். டிக்கி திறக்கக் கரண்டு வேண்டும். டிக்கியில் சாவி போட ஓட்டைகூடக் கிடையாது. இப்படி ஒரு வண்டியைச் செய்தவனை என்ன சொல்வது!

வீட்டுக்காரர் வெளியே வந்தார். விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பாட்டரிய உள்ள வச்சுப் பூட்டிட்டியா? கெட்டிக்காரிதான் போ!"

"சிரிக்காதீங்க!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசை ஆசையாகச் செய்த வேலை ஒரு மூடிக்காக லாரியில் ஏறுவதா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியையே முறைத்தாள். இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை போகும் தடித்த ஒயர் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அதன் முன்முனை பானெட்டுக்குக் கீழே, சிவப்பு மூடிக்குள் இருந்தது. அங்கே கரண்டு கொடுத்தால் டிக்கிப் பூட்டு வரைக்கும் போகாமல் எங்கே போகும்?

"தம்பீ! உங்க வண்டிய எடுத்துட்டு ஓடி வாங்க!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். அங்கே இருந்த கொழுந்தன் கையில் சாப்பாடு ஒட்டியிருக்க ஓடிவந்தான்.

"என்ன அண்ணி, தீப்பிடிச்சிருச்சா?"

"பிடிக்கல. ஒயர எடுங்க!"

அவனுடைய சின்னக் கார் பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார்கள். சிவப்பை மூடிக்குள் இருந்த முனையிலும் கறுப்பை இன்ஜின் இரும்பிலும் மாட்டினார்கள். அவள் காருக்குள் கைவிட்டு டிக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

டக்!

டிக்கி வாய் பிளந்தது. கூடவே திருட்டு அலாரமும் அலறி, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் யாரையும் கவனிக்கவில்லை. பாட்டரியை மாட்டினாள், சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அடியில் எங்கோ ர்ர்ர் என்று ஒரு சத்தம். பின்பக்கம் மெல்ல, மெல்ல மேலே வந்தது.

"எழுந்திரிச்சிருச்சு அண்ணி!" என்று கொழுந்தன் குதித்தான். வீட்டுக்காரர் குனிந்து சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தார். கை முழுதாக உள்ளே போனது. நேரே போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"முன்னாடி வாங்க. நான் என்ன உங்களுக்கு டிரைவரா?"

அசட்டுச் சிரிப்போடு முன்னால் மாறி உட்கார்ந்தார். வண்டி அலுங்காமல் குலுங்காமல் நகர்ந்தது. தெருமுனை நெருங்கும்போது ஒரு லாரி எதிரே திரும்பி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

லாரிக்காரர் தலையை நீட்டினார். "பின்பக்கம் உக்காந்த கறுப்பு வண்டின்னு ஒண்ணு இருக்காமே, எந்த வீடுங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"அப்படி ஒரு வண்டியே இந்தத் தெருவுல இல்லீங்க. கொஞ்சம் பின்னால எடுங்க, நாங்க போகணும்."