முண்டாசுக்குள் ஒரு பாஸ்போர்ட்

1991-இல் எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் காகிதத்துக்குத் திடீரென்று மரியாதை வந்திருந்தது. படப்பைப் பக்கமிருந்து நிலம் வாங்க மோட்டார் பைக்கில் ஆட்கள் வருவார்கள். வரப்பில் நின்று, கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துவிட்டு, "பட்டா யார் பேர்ல கீது?" என்று கேட்பார்கள். அப்படி வந்த ஒருவரிடம் ஜெராக்ஸ் எடுக்க என்று அப்பா எங்கள் பட்டாவைக் கொடுத்தார். அதைத் திரும்ப வாங்க மூன்று மாதம் ஆனது. அந்த ஆளைத் தேடி அப்பா எத்தனை முறை வாலாஜாபாத் போய் வந்தார் என்று எனக்கு நினைவில்லை. போய் வந்த நாட்களில் ராத்திரி சாப்பிட மாட்டார், அது நினைவிருக்கிறது.

கடைசியில் பட்டா வந்தது. அன்றிலிருந்து அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வேட்டி மடியில் வைத்துக்கொண்டார். ஏர் ஓட்டும்போதும் அது இடுப்பில்தான் இருக்கும். அவர் மட்டும் அல்ல. எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான் அலைந்தார்கள். குளிக்கும்போது மட்டும் கல்மேல் வைத்து, அதன்மேல் ஒரு செங்கல்.

"எவன் கேட்டாலும் காயிதத்த மட்டும் கைய வுட்டுடாதடா" என்பார் அப்பா. என்னிடம் அப்போது கையை விட்டுப் போக ஒரு காகிதமும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். செங்கல் சூளையில் இருந்தேன், லாரி கிளீனராகக் குஜராத் உப்பளம் வரை போனேன். இரண்டு முறை மஞ்சள் காமாலை வந்து எங்கோ ஓர் ஊரில் கிடந்து எழுந்தேன். ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் மரத்துப்போகும்.

அந்த வருடம்தான் எனக்கும் ஒரு காகிதம் வந்தது. மெட்ராஸ் பாரிமுனையில் ஒரு வியாபாரி குருவிகளை வைத்திருந்தார். குருவி என்றால் வேறொன்றுமில்லை, அவருடைய சரக்கை நம் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிற ஆள். போகும்போது சேலையும் எவர்சில்வர் பாத்திரமும். வரும்போது டேப் ரிக்கார்டர், கடிகாரம், தைலம். டிக்கெட் அவருடையது. நடுவில் கிடைக்கும் நாட்கள் நம்முடையவை. எனக்கு அந்த நடு நாட்கள்தான் சம்பளம். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது வியாபாரி சொன்னார்:

"நைனா, இதுல ஒரு கீறல் வுழுந்தாலும் நீ அவுட்டு. கிழிஞ்ச பாஸ்போர்ட்ட வெச்சுகினு என் சரக்க ஏத்த முடியாது. அப்புறம் நீ படப்பைக்கும் தாம்பரத்துக்கும் பஸ்ல போய்க்கினே இருக்கலாம்."

முதல் பயணம் பினாங்கு. சேலைகளை அங்கே கடைக்காரரிடம் இறக்கியதும் எனக்கு நான்கு நாள் கிடைத்தது. வெள்ளிக்கிழமை விமானம். அந்தக் கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்தவர். வந்துபோகும் குருவிகளின் பாஸ்போர்ட்டை எல்லாம் அவருடைய இரும்புப் பெட்டியில் வாங்கி வைப்பது வழக்கம்.

"குடுத்துட்டுப் போங்க தம்பி. ஊர் சுத்துறப்ப எங்கனயாச்சும் தொலைச்சுப்புடாதீங்க."

"இல்லண்ணே, எங்கிட்டயே இருக்கட்டும்."

"நம்பிக்கை இல்லியா?"

நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் என்ன செய்வது, ஊர்ப்புத்தி.

செவ்வாய்க்கிழமை சாலையோரக் கடை ஒன்றில் ஒரு சீனர் தட்டு நிறையச் சிப்பிகளைத் தின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் தடித்த சிப்பி, மேலே வரிவரியாகப் பள்ளம். பிளந்தால் உள்ளே ரத்தம்போல் சிவப்பு நீர். எங்கள் ஏரியில் நான் பார்த்ததெல்லாம் நத்தையும் வெள்ளைச் சிப்பியும்தான். ரத்தம் உள்ள சிப்பி எப்படி இருக்கும்? கடையில் பாத்திரம் கழுவிய தமிழர் ஒருவரிடம் கேட்டேன்.

"இது கெராங். கடல்சேத்துல கெடக்கும். பலகை மேல ஒக்காந்து போய்ப் பொறுக்குவாங்க லா." அங்கத்துத் தமிழில் பேச்சின் வாலில் இப்படி ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

"சேத்து மேல பலகையா?"

"ஆமா. நடந்தா முழுகிருவே."

அதற்குமேல் எனக்குப் பினாங்கில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை படகும் இரண்டு பஸ்ஸும் மாறி, அவர் சொன்ன கடலோர ஊருக்குப் போய் இறங்கினேன். பசிக்கு ஒரு ரொட்டி.

அங்கே கடலைக் காணோம். அலையாத்தி மரங்களைத் தாண்டினால் சாம்பல் நிறச் சேறு, கண்ணுக்கு எட்டும்வரை பளபளவென்று. நீர் வற்றி உள்ளே போயிருந்தது. சேற்றின்மேல் விரல் நீள மீன்கள் நடந்துகொண்டிருந்தன. நீந்தவில்லை, நடந்தன. முன்துடுப்பைக் கைபோல் ஊன்றி, நின்று, கண்ணை உருட்டி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தன. நான் குந்தி உட்கார்ந்து எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

"மீன பாத்ததே இல்லியா?"

பின்னால் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டை, தலையில் ஓலைத் தொப்பி, தோளில் ஆள் உயரப் பலகை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் அவளுடையது. மீன்பிடிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாளாம்.

"நடக்கிற மீன பாத்ததில்லக்கா. இன்னா மீனு இது?"

"இன்னாவா?" அவள் சிரித்தாள். "எந்த ஊரு தம்பி, இப்படிப் பேசுற?"

சொன்னேன். பலகையில் நானும் வரலாமா என்று கேட்டேன்.

"இது வெளையாட்டு இல்ல லா. சேறு பிடிச்சா விடாது."

"நான் சேத்துலயே பொறந்தவன்க்கா. பரம்பு ஓட்டுவேன்."

பரம்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. உழுத வயலைச் சமப்படுத்த மாட்டின் பின்னால் கட்டும் பலகை. அதன்மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்து, மாடு இழுக்க வயல் முழுக்கச் சுற்றுவோம். பத்து வயதிலிருந்து நான் அதில் விழுந்ததில்லை. இதை நான் விவரித்த விதத்தில் அவளுக்கு நம்பிக்கை வந்ததோ, வேடிக்கை பார்க்க ஆசை வந்ததோ, வீட்டுக்காரருடைய பலகையை எடுத்துக் கொடுத்தாள்.

முறை எளிது. பலகை மேல் ஒரு முழங்கால். மற்ற காலால் சேற்றைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முன்னால் இருக்கும் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். தள்ளினால் பலகை வெண்ணெயில் போவது மாதிரி போகும். பத்து நிமிடத்தில் எனக்குப் பிடிபட்டது. கையைச் சேற்றுக்குள் விட்டால் சிப்பி விரலில் தட்டுப்படும், உருண்டையாக, குளிர்ச்சியாக. நான் நாற்பதோ ஐம்பதோ எடுத்திருப்பேன். அவள் வாளி அதற்குள் நிரம்பிவிட்டது.

"சுமாரா பண்ற. நீர் திரும்புற நேரம், போலாம்" என்று சொல்லிவிட்டுக் கரைப்பக்கம் திரும்பினாள்.

அங்கேதான் என் புத்தி போனது. கடல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஆசை. முழங்காலில் இருந்தால் தெரியவில்லை. பலகை மேல் எழுந்து நின்றேன். பரம்பு மேல் நிற்கிற மாதிரியே, காலை அகட்டி.

பரம்பை முன்னால் மாடு இழுத்துப் பிடித்திருக்கும். இதை யாரும் பிடித்திருக்கவில்லை. பலகை என் காலடியிலிருந்து உருவிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. நான் செங்குத்தாக இறங்கினேன். தொடைவரை. ஒரு காலை இழுத்தால் மற்ற கால் இன்னும் உள்ளே போனது. வயல் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை உண்டு. இதற்கு அடியே இல்லை.

தூரத்தில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒரு விரல் கனத் தண்ணீராக என்னைச் சுற்றி வந்து நின்றது. நான் பார்க்க ஆசைப்பட்ட கடல்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏய்! யாரு உன்ன நிக்கச் சொன்னது? படு! வயித்த வெச்சுப் படு!"

"படுக்க முடியாதுக்கா!"

"ஏன்?"

"மடியில பாஸ்போர்ட்டு கீது!"

பிறகு அவள் பலகையைத் திருப்பி என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"பாஸ்போர்ட்டா? இங்க எதுக்கு? நண்டு செக் பண்ணுமா?"

"நனஞ்சா என்ன திரும்ப அனுப்பமாட்டாங்கக்கா. என் பொழப்பே அதான்."

"நீ முழுகினா மட்டும் அனுப்புவாங்களா? படு லா!"

தண்ணீர் அதற்குள் ஒரு சாண் ஏறியிருந்தது. சேறு இடுப்பைத் தொட்டது. மடியில் கையை விட்டேன். பிளாஸ்டிக் உறையின் வாயை மடித்துத்தான் வைத்திருந்தேன், கட்டவில்லை; உள்ளே ஏற்கெனவே ஈரம். வெளியே எடுத்து வாயில் கவ்விக்கொண்டேன். இடுப்புத் துண்டை உருவிப் பிழிந்து, எங்கள் ஊரில் ஏரி நிரம்பிய காலத்தில் சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போவோமே, அப்படி உச்சந்தலையில் பாஸ்போர்ட்டை வைத்து முண்டாசு கட்டினேன். அதன்பிறகுதான் படுத்தேன்.

படுத்ததும் சேறு விட்டது. அதுதான் வியப்பு. நின்றவனை விழுங்கியது, படுத்தவனைத் தாங்கியது. அவள் தன் பலகையின் முனையை நீட்டினாள். அதைப் பற்றிக்கொண்டு பல்லி மாதிரி ஊர்ந்தேன். கால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு செருப்பும் கைலியின் கீழ்ப்பாதியும் அங்கேயே இருக்கின்றன. நடக்கிற மீன்கள் என்னைவிட வேகமாகக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

கரையில் அவள் பாஸ்போர்ட்டை வாங்கித் திறந்து பார்த்தாள். பக்கங்கள் ஓரத்தில் ஒட்டியிருந்தன. என் படத்தின் மூலையில் சாம்பல் திட்டு. எனக்கு வியாபாரியின் குரல் கேட்டது. சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

"அழாத தம்பி."

"அழலக்கா. உப்பு எரியுது."

நெத்திலி காயவைக்கும் கம்பிவலை மேல் பாஸ்போர்ட்டை விரித்தாள். பக்கங்கள் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காலிச் சிப்பி ஓடு. சாயங்காலம்வரை நானும் நெத்திலியும் அதுவும் ஒன்றாகக் காய்ந்தோம். என் ஐம்பது சிப்பியையும் வேகவைத்துக் கொடுத்தாள். இரும்பு வாசனை, கொஞ்சம் இனிப்பு. சிவப்பு நீரைக் குடிக்கலாமா என்று கேட்டேன். குடித்துப் பார் என்றாள். குடித்தேன். பழக வேண்டிய ருசி.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் என் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டை எடுத்தார். அது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. புரட்டினார். நிறுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். மலாயில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கடைசியாக ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"கெராங்?"

மலாயில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை. தலையை ஆட்டினேன். ஒரு முழங்காலை மடக்கி, மற்ற காலால் தள்ளிக் காட்டினேன். பிறகு நின்று காட்டி, பொத்தென்று விழுவதுபோலக் கையை இறக்கினேன். அவர் அடக்க முடியாமல் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் முகரவைத்தார். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபின், நெளிவு குறைந்த பக்கமாகத் தேடி முத்திரை குத்தினார்.

பாரிமுனையில் அப்படி நடக்கவில்லை. வியாபாரி இரண்டு விரலால் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, கருவாட்டுக்கடையில வேல பாத்தியா?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிழிசல் இல்லை, எழுத்து கலையவில்லை. "பொழச்ச, போ. அடுத்த தடவ கடையில குடுத்துட்டுத்தான் சுத்தணும், தெரியுதா?"

வீட்டில் அப்பா பாஸ்போர்ட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். முழுக்கதையும் கேட்டார். "அவ்ளோ சேறு கீதே, அதுல இன்னா வெளையும்?" என்றார்.

"ஒண்ணும் வெளையாது. உப்பு."

"அப்புறம் எதுக்குடா அவ்ளோ எடம்?"

அடுத்த மாதம் மறுபடி பினாங்கு. சரக்கை இறக்கியதும் கடைக்காரர் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மெட்ராஸிலிருந்து செய்தி வந்திருந்தது. பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். பெட்டி மூடியது. பஸ் நிற்கும் இடம்வரை போனேன். வழியில் நூறு தடவையாவது இடுப்பைத் தொட்டிருப்பேன். பஸ்ஸும் வந்தது. நான் ஏறவில்லை. திரும்பி வந்து கடை வாசலில் நின்றேன்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அத குடுத்துடுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

கடலோரத்தில் அந்த அக்கா பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். நான் சேற்றில் இறங்குவதற்கு முன்பே தலையில் முண்டாசு கட்டியிருந்தேன். இந்த முறை உறையின் வாயை நூலால் இறுக்கியிருந்தேன்.

"இன்னா தம்பி, தலையில?" என்றாள், என் பேச்சிலேயே.

"காயிதம்க்கா."

முழங்காலை மடக்கிப் பலகை மேல் வைத்தேன்.