அவசரப்பட்டுச் சொன்ன ரிசல்ட்

போன வருடம் ஜூன் மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயம். தென்காசியில் ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் ஆராய்ச்சி செய்ய எங்கள் வகுப்பிலிருந்து இரண்டே பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக் கோட்டைப் போட்டு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்ததெல்லாம் தனிக் கதை.

அருவிக்கரைக் கடைகளில் வைக்கிற குடிதண்ணீரை எடுத்துவந்து, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மூன்று முறை சோதிக்காமல் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எங்கள் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் ஓர் அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். சீசன் கூட்டத்தை நம்பித்தான் அந்தக் கடை. அவர் கடைத் தண்ணீரை ஊற்றிக் கிருமி வளர்த்த ஆய்வுத் தட்டில் பச்சையாக, உலோகம் மாதிரி ஒரு பளபளப்பு. மலத்தில் இருக்கிற கிருமி அப்படித்தான் மின்னும். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய், ஆட்டோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போனில் படத்தைக் காட்டி, "அக்கா, ஒங்க தண்ணில மலக்கிருமி இருக்கு" என்றேன். ஓர் அண்ணாச்சி பாதி இட்லியோடு எழுந்துவிட்டார்.

"கொதிக்க வச்சுத்தானம்மா ஊத்துதேன்" என்று அந்த அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். கொதிக்க வைத்தால் இது வரவே வராது என்று நான் வாதாடினேன்.

மேடம் இரண்டாம் முறை தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். தட்டு சுத்தமாக இருந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. "மொத தடவ பாட்டில்ல எப்படிப் பிடிச்சே?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அன்று பாட்டில் மூடி கைதவறி, ஊரே குளித்த தண்ணீர் ஓடுகிற ஓடையில் விழுந்துவிட்டது. எடுத்து, உதறி, அப்படியே மூடிவிட்டேன். வெட்கப்பட்டு நோட்டில்கூட எழுதவில்லை.

மூடி விழுந்ததையும், கடையில் போய்ச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். மேடம் திட்டவில்லை. "போயி சொல்லிட்டு வா" என்றார்.

போனேன். கடை காற்று வாங்கியது. ஆட்டோக்காரர்கள் எதிர்க்கடைக்கு மாறியிருந்தார்கள். அடுப்பருகே குனிந்து, தவறு என்னுடையது என்று அந்த அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் இட்லிக் கொப்பரையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்ன. இப்பம் எங்காதுல வந்து சொல்லுத?"

எதிர்க்கடைக்குப் போய் எல்லார் நடுவிலும் நின்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சரிம்மா, பாப்போம்" என்று ஒருவர் டீயைக் குடித்தார். யாரும் எழுந்து வரவில்லை. அடுத்த வாரம் போனபோது இட்லிக்கடை பூட்டியிருந்தது. "அவ பண்பொழிக்குப் போயிட்டா, வீட்ல பீடி சுத்துதா" என்றார்கள்.

ஆராய்ச்சி முடித்ததற்கான சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார், இன்னும் மாட்டவில்லை. பழியை ஊர் கேட்கச் சொன்ன எனக்கு, மன்னிப்பை அதே சத்தத்தில் கேட்க வாய் வரவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசிப்போகிறது.