டப்பா கொண்டு வரக் கூடாது

அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது வீட்டுக்காரரின் வேலை. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், "என்னப்பா, பொண்டாட்டி விரலை இன்ஷூர் பண்ணி வச்சிருக்கியா?" என்று கேட்டார். "அவ விரல் பியானோவுக்கு. என் விரல் ஏற்கனவே கிரீஸ்ல ஊறினது, தேய்ஞ்சா தேயட்டும்" என்றார் இவர். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். மோட்டாரைப் பிரித்துப் போடுவது போலவே மூடிகளைத் தனியாக, கரண்டிகளைத் தனியாக, அடிப்பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் தேய்ப்பார். நடுவில் யாராவது ஒரு டம்ளரைக் கொண்டுவந்து போட்டால் முகம் கோணிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பியானோக்காரி சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அதன்மேல் ஸ்பீக்கரை வைத்து, பதிவு செய்த துண்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் நாத்தனாரும் சேர்ந்து வாசித்தவை. இவள் பியானோ, நாத்தனார் சாக்ஸஃபோன், வேறு யாரும் இல்லை. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, எழுதி வைத்த ஒரு வரி கிடையாது. அந்த நேரத்தில் ஒருத்திக்குத் தோன்றியதை அவள் வாசிக்க, அதைக் கேட்டு மற்றவள் வாசிக்க, அப்படியே போகும். இந்த மாதிரி இசையாகத் தேடிப்பிடித்து ஆல்பம் போடுகிற ஒருவர் இதையும் போட ஒப்புக்கொண்டிருந்தார். எதற்குப் பின் எது என்று மறுநாள் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

"இது எப்படி இருக்கு?"

"எது?"

"இப்ப ஓடினது."

"முடிஞ்சிடுச்சா? இன்னும் சுருதி சரி பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"உங்ககிட்டக் கேட்டேன் பாருங்க."

"குறை சொல்லலைம்மா. ரெண்டு பூனை கூரை மேல சண்டை போடற மாதிரி இருக்கு. நல்ல பூனைங்கதான்."

ஆறாவது துண்டு ஓடியது. முதலில் பியானோவின் கீழ்க்கட்டைகளில் முழங்கையோடு விழுந்த அடி. அதன்மேல் சாக்ஸஃபோன் கதவுக்கீல் போலக் கிறீச்சிட்டது. இவள் ஒரே கட்டையை விடாமல் குத்த, அவள் அந்தச் சுரத்துக்கு மயிரிழை தள்ளி நின்று ஊதி ஊதிக் கடுப்பேற்றினாள். பிறகு இரண்டும் ஓய்ந்தன. அந்த ஓய்வில், குழாயடியிலிருந்து ஒரு விசில் வந்தது. ஐந்து சுரங்கள், படியிறங்குவது போல நிதானமாக, கடைசிச் சுரத்தைப் பாதி தொட்டும் தொடாமலும்.

அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரிலிருந்து சாக்ஸஃபோன் அதே ஐந்தையும் ஊதியது.

பியானோக்காரி ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"விசிலடிச்சீங்களே."

"அடிச்சேனா?" அவர் யோசித்தார். "அட, அதுவா! தங்கச்சி ஊதறது. அவ ஊதற சத்தம் கேட்டாலே இது வாய்ல வந்துடுது. போன மாசம் அவ வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போனேன்ல, அன்னிக்குப் பூரா அதையேதான் ஊதிக்கிட்டு இருந்தா. நான் வாஷர் மாத்தி, தண்ணி ஏத்தி, தொட்டி நிறைஞ்சு வழிஞ்சே போச்சு, அவ விடலை. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. உங்க வாசிப்புல நான் அடையாளம் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்." இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"பதிவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நுரையைப் பாருங்க, தரையெல்லாம் வழியுது."

என்ன ஆயிற்று என்று வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வாத்தியக்காரி ஒத்திகை பார்த்தாள் என்பது உலகத்தில் எங்கேயாவது குற்றமா? அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஒரே ஒரு ஒப்பந்தம்தான் இருந்தது: வீட்டிலிருந்து எதையும் கட்டி எடுத்துக்கொண்டு வரக் கூடாது. அப்படிக் கொண்டுவருவதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் டப்பா. வாசிக்கும்போது ஒருத்தி பழகிய எதையாவது எடுத்துவிட்டால் மற்றவள் அங்கேயே நிறுத்தி, "டப்பா" என்பாள். அதோடு அன்றைய வாசிப்பு மூட்டை கட்டப்படும்.

பெரும்பாலும் மாட்டுவது பியானோக்காரிதான். நடனப் பள்ளியில் வகுப்புக்கு வாசிப்பது அவள் பிழைப்பு. காலை முதல் மாலை வரை எட்டு எட்டாக எண்ணி, பிள்ளைகள் காலைத் தூக்க ஒரு எட்டு, இறக்க ஒரு எட்டு. கை அதிலேயே ஊறிவிட்டது. எங்கே போனாலும் எட்டாவது எண்ணிக்கையில் வீட்டுக்குத் திரும்பி வந்து நிற்கும். "அண்ணி, எட்டு வந்துடுச்சு. டப்பாவை மூடுங்க" என்பாள் நாத்தனார். சொல்லும்போது வாயில் மிட்டாய் இருப்பது போல ஒரு ருசி அவள் முகத்தில் தெரியும். அதற்காகவே பியானோக்காரி வகுப்பு முடிந்த காலிக்கூடத்தில் உட்கார்ந்து, தன் கையின் எட்டைத் தானே உடைத்து உடைத்துப் பழகினாள். பிள்ளைகள் விட்டுப்போன வேர்வை நாற்றத்தில், பாதி கட்டைகள் மந்தமாகிப்போன அந்தப் பியானோவில்.

இருவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. இவள் பியானோ வந்து இறங்கிய அறை அதுவரை நாத்தனார் சாக்ஸஃபோன் பழகிய அறை. நாலு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தபோது, நாத்தனார் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அண்ணன் கட்டிக்கிட்டது இந்த பீரோவைத்தான். அண்ணி அதுக்குத் துணையா வந்திருக்காங்க." எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வாயில் சாக்ஸஃபோன் 'குழாய்' ஆகிவிட்டது. "உங்க தங்கச்சி குழாயைக் கூடத்துல போட்டுட்டுப் போயிருக்கா, கால்ல இடறுது."

சேர்ந்து வாசிக்க ஆரம்பித்ததும் சண்டையில்தான். என்னவோ ஒரு உப்புப் பெறாத விஷயத்துக்கு வாக்குவாதமாகி, இவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பியானோவைத் தட்டினாள். அதைக் கெடுப்பதற்கென்றே அவள் பக்கத்து அறையிலிருந்து ஊத ஆரம்பித்தாள். இவள் ஓங்கினால் அவளும் ஓங்க, இவள் நிறுத்தினால் அவள் காத்திருக்க, கடைசியில் கதவு திறந்துதான் இருந்தது. யார் திறந்தார்கள் என்று இன்றுவரை இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. டிவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார்.

மாமியார் படுக்கையில் விழுந்தபோது இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அந்தம்மாள் போனபோது இவள் வேலையில் இருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, நாத்தனார் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அம்மா கடைசியா தண்ணி கேட்டப்ப, அண்ணி பிள்ளைங்களுக்கு எட்டு எண்ணிக்கிட்டு இருந்தாங்க."

சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அது போகவே இல்லை. நாத்தனார் பிறகு தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. இருவரும் முகம் பார்த்துப் பேசுவது நின்றது. வாரா வாரம் நடனப் பள்ளிக் கூடத்தில் வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. வருவாள், ஊதுவாள், பெட்டியை மூடிக்கொண்டு போவாள்.

பதிவு நடந்த அன்று ஆறாவது துண்டில் அந்த ஐந்து சுரம் வந்தபோது பியானோக்காரிக்குக் கை நின்றது. அந்த மாதிரி அவள் ஊதிக் கேட்டதே இல்லை. கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. துக்க வீட்டில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள் என்று இவளுக்குப் பட்டது. அவளையும் மீறி வந்துவிட்டது, இனி அவளே நினைத்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது என்று பட்டது. இவள் நாலு விரலால் மெதுவாக ஒரு சுரச் சேர்க்கை வைத்து, அது கரையும் வரை காத்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து, "உங்க தங்கச்சி இன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா" என்றாள். "என்ன சொன்னா?" என்று அவர் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அது டப்பா என்று இப்போது தெரிந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடிக் கடைக்குப் போனாள். முன்பக்கம் ஃபிரேம்கள் மின்னின. பின்னறையில் சாணைக்கல் சுழன்றது. அதன்மேல் தண்ணீர் சொட்ட, ரப்பர் ஏப்ரன் கட்டிய நாத்தனார் ஒரு லென்ஸின் விளிம்பைக் கல்லில் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. கண்ணு பார்க்கணுமா? முன்னாடி உட்காருங்க, டாக்டர் சாப்பிட்டு வரட்டும்."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. காதும் நல்லாக் கேக்குது."

"அப்ப என்ன கோளாறு?"

"ஆறாவது."

நாத்தனார் லென்ஸை ஃபிரேமில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. திரும்பக் கல்லில் கொடுத்தாள்.

"ஆறாவதுக்கு என்ன? அதுதான் இருக்கறதுலயே நல்லா வந்திருக்கு."

"வரும். ஏன் வராது? டப்பா."

கல் சுழன்றுகொண்டே இருந்தது. நாத்தனார் விரலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"யார் சொன்னது? அண்ணனா?" மூக்கால் சிரித்தாள். "அவருக்குக் காலிங் பெல் சத்தத்துக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"அவருக்கே மனப்பாடம் ஆகற அளவுக்கு ஊதியிருக்கே."

"சரி, ஊதினேன். என்ன இப்ப, தூக்குல போடப் போறீங்களா?"

"என்னை எத்தனை தடவை பாதியில நிறுத்தியிருக்கே நீ? எட்டு வந்துடுச்சு, மூடுங்க. எட்டு வந்துடுச்சு, மூடுங்க. நான் வாய் திறந்தேனா? மூடினேன்ல?"

"நீங்க தெரியாம கொண்டு வந்தீங்க. நான் தெரிஞ்சு கொண்டு வந்தேன்."

"இதைச் சொல்ல வெட்கமா இல்லை?"

நாத்தனார் சாணையை நிறுத்தினாள்.

"உங்களைத் திட்டணும்னா எனக்கு ஒத்திகையே வேண்டாம் அண்ணி. தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் வரும். திட்டாம ஒண்ணு சொல்லணும்னா வர மாட்டேங்குது. ஊதி ஊதிப் பார்த்தேன். நாலு சுரம் வரைக்கும் ஒழுங்காப் போகும், அஞ்சாவதுல போய்க் குத்திடும். அதை எடுக்க எனக்கு அவ்வளவு நாள் ஆச்சு. போதுமா?"

பியானோக்காரிக்குக் கோபம் இறங்கவில்லை, இடம்தான் மாறியது. கேட்டபோது நெஞ்சில் ஏதோ நெகிழப் பார்த்தது உண்மை. அதை அவள் நம்பத் தயாராக இல்லை. ஒரு தடவை நம்பி ஏமாந்த இடம்.

"போன மாசமே தயார். அப்புறம் எத்தனை வாரம் சும்மா உட்கார்ந்து வாசிச்சோம். நீயும் நானும் மட்டும். அப்பல்லாம் டப்பாவை எங்க வச்சிருந்தே? மைக் வச்ச அன்னிக்குத்தான் திறக்கத் தோணுச்சா?"

நாத்தனார் லென்ஸைத் துணியில் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த லென்ஸ்.

"ஆறாவதை எடுத்துடச் சொல்லப் போறேன்" என்றாள் பியானோக்காரி.

"எடுத்தா என்ன மிச்சம்? மத்ததெல்லாம் சண்டைதானே?"

"சண்டைதான். அதுல பொய் இல்லை."

"கேக்கறவங்களுக்கு மூச்சு விட இருக்கற இடம் அது ஒண்ணுதான்."

"அவங்க மூச்சு விடறதுக்கு நான் அழுதுட்டு நிக்கணுமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. நாத்தனார் தலை நிமிர்ந்தாள்.

"அழுதீங்களா?"

"இல்லை."

அங்கேயே நின்று ஆல்பம் போடுகிறவருக்குப் போன் செய்தாள். "ஆறாவது வேண்டாம். விட்டுடுங்க. இல்லை சார், சுருதி சரியாத்தான் இருக்கு. அவ்வளவு சரியா இருக்கறதுதான் கோளாறு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவள் போனை நாத்தனார் பக்கம் நீட்டினாள்.

"அண்ணி சொன்னா சரி" என்றாள் நாத்தனார், கடையில் யாரோ கலர் கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

அந்த லென்ஸ் வேலை முடிந்தது. நாத்தனார் ஏப்ரனை அவிழ்த்து மாட்டினாள். கையைத் துடைத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து சாக்ஸஃபோன் பெட்டியை இழுத்துத் திறந்தாள். இடைவேளையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊதுவாயில் பொருத்துகிற ரீட் என்ற நாணல் பட்டையை எடுத்து, ஈரமாவதற்கு வாயில் வைத்துக்கொண்டாள்.

பியானோக்காரி கதவருகே போய்த் திரும்பினாள். ஆல்பம் அவள் நினைத்தபடியே ஆகிவிட்டது. அதற்காக வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடு. அது எனக்கா, மைக்குக்கா?"

ரீட்டை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாது. எடுப்பதற்கு இரண்டு விரல் போதும். நாத்தனார் அந்த இரண்டு விரலால் ஊதுவாயின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தாள், தளர்ந்த பிறகும். பியானோக்காரி நின்றாள். வாசிக்கும்போது ஒரு சேர்க்கை கரையும் வரை காத்திருக்கிற அளவுக்கு நின்றாள். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே போனாள்.